குழாய்க் கணக்கும் குடிநீர்க் கணக்கும்

ஒரு நாட்டின் ஆட்சி எத்தகையது என்று அறிய விரும்புவார், அந் நாட்டுத் தலைநகரின் மாடங்களைச் சென்று காண வேண்டுவதில்லை. அதன் வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டுவதில்லை. அந் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கடைசித் தெருவில், கடைசி வீட்டில், குடத்தில் நிரப்பி வைக்கப்பட்டுள்ள நீரை ஒரு குவளையில் மொண்டு பார்த்தாலே போதும். அந் நீர் எங்கிருந்து வந்தது? அதைக் கொண்டுவந்தவர் யார்? அதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார்? என்ன விலை கொடுத்தார்? அதைக் குடித்த குழந்தை நோயின்றி இருக்கின்றதா? இவ் ஐந்து வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே ஆட்சியின் உண்மையான வரலாறு; பிறவெல்லாம் விளம்பரம்.

இவ் வினாக்களைக் கேட்பதற்குக் காஞ்சிபுர மாவட்டத்துத் திருப்பெரும்புதூர் வட்டத்திலுள்ள பிள்ளைப்பாக்கத்தை விடப் பொருத்தமான ஊர் ஒன்றைக் காண்டல் அரிது. அவ்வூருக்கு ஏரி உண்டு. அவ் ஏரி நிறைந்து வழியும் நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைகின்றது. திருப்பெரும்புதூர் ஏரி, நேமம் ஏரி ஆகியனவும் அவ்வாறே செம்பரம்பாக்கத்துக்கு நீர் அளிப்பன. 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி, சென்னை மாநகரின் குடிநீர்க் களங்களுள் ஒன்று. எனவே, பிள்ளைப்பாக்கத்து வானம் பொழியும் மழையில் ஒரு பங்கு சென்னை மாந்தரின் குவளையை நிறைக்கின்றது. இதனைத் தவறென்று கூறுவார் யாருமில்லர். நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது இயற்கை. மேட்டிலிருப்பார் பள்ளத்திலிருப்பார்க்கு நீர் விடுவது அறம். ஆயினும், கொடுக்கின்ற ஊரின் தொண்டை நனைந்ததா என்று கேட்பதும் அறமே அன்றோ?

இதே பிள்ளைப்பாக்கத்தில் இப்பொழுது தமிழ்நாட்டுத் தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட்டின் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. அதன் சுற்றுப்புறத்தில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், வல்லம்-வடகால், ஒரகடம் எனத் தொழிற்பூங்காக்கள் தொடர்ந்து விரிந்து கிடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்துகள் உருவாகத் தொடங்கிய நாள்முதல், ஏரியும் வயலும் மேய்ச்சல் நிலமுமாய் இருந்த இத் தொண்டை மண்டலப் பகுதி உலகச் சந்தைக்குப் பொருள் செய்து அனுப்பும் இடமாக மாறிவிட்டது. இத் தொழிலகங்களுக்கும் நீர் வேண்டும். அதனை அரசு எவ்வாறு கொடுக்கின்றது என்பதையும் ஒரு சிறிது நோக்குதல் வேண்டும்.

சென்னை மாநகரின் கழிவுநீரைப் பலபடியாகத் துப்புரவாக்கித் தொழிலகங்களுக்கு அனுப்புவதற்காகக் கோயம்பேட்டில் ஒரு நிலையம் கட்டப்பெற்று, 2019இல் தொடங்கி வைக்கப்பெற்றது. நாளொன்றுக்கு 4.5 கோடி இலிட்டர் நீரைத் தூய்மை செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. அங்கிருந்து நெடுந்தொலைவு குழாய் பதித்து, இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய தொழிற்பூங்காக்களுக்கு நீர் கொண்டு செல்லப்படுகின்றது. இது நல்ல செயலே. குடிநீரைத் தொழிலகங்களுக்குக் கொடுத்துவிட்டு மக்களை வாட்டுவதை விட, கழிவுநீரைத் துப்புரவாக்கிக் கொடுப்பது பன்மடங்கு மேலானது, பாராட்டுதற்குரியது. ஆனால், இச் செயலில் மறைந்து கிடக்கும் மற்றொரு செய்தியைத் தமிழ் மக்கள் உற்றுணர்தல் வேண்டும். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 இலிட்டர் என்பது ஊரகக் குடிநீருக்கு நடுவணரசு வகுத்துள்ள அளவு. அவ் அளவின்படிக் கணக்கிட்டால் 4.5 கோடி இலிட்டர் என்பது எட்டு இலக்கம் மக்களுக்குப் போதுமான அளவாகும். அந் நீர் குடிப்பதற்கு உரியதன்று. எனினும், அத்துணைப் பெரிய அளவு நீரைத் தூய்மை செய்யவும், தூய்மையைக் குறையாது காக்கவும், தொலைவிலுள்ள இடத்துக்குத் தடையின்றிக் கொண்டு சேர்க்கவும் தேவையான அறிவும் பொருளும் கருவியும் ஆளும் நம் நாட்டில் உள்ளன என்பது இதனால் விளங்குகின்றது. இல்லாமை என்பது பொய். மனமின்மை என்பதே மெய்.

தொழிலகத்துக்கு ஒருநாள் நீர் தவறினால் என்ன நிகழும்? உடன்படிக்கை உண்டு, அதில் நீரின் அளவு உண்டு, தரம் உண்டு, விலை உண்டு. தவறு நேர்ந்த அன்றே அமைச்சரவை வரைக்கும் பேச்சு எட்டும். சிற்றூரின் தெருக்குழாயில் ஒரு கிழமை நீர் வாராதொழிந்தால் என்ன நிகழும்? பெண்கள் காலிக் குடங்களைச் சாலையில் வைத்து அமர்வர், காவலர் வருவர், வட்டாட்சியர் வருவர், ஒரு தண்ணீர் வண்டி வரும், மறுநாள் எல்லாரும் மறந்துவிடுவர். இரண்டு குழாய்களும் ஒரே மண்ணில்தான் பதிந்து கிடக்கின்றன. ஒன்றின் பின்னால் எழுத்து வடிவான உரிமை நிற்கின்றது. மற்றொன்றின் பின்னால் இரக்கம் மட்டுமே நிற்கின்றது. இரக்கத்தால் வரும் நீர் எந்த நேரத்திலும் நின்றுபோகும். உரிமையால் வரும் நீரே நிலைத்து ஓடும்.

அரசு வாளா இருந்துவிடவில்லை என்று கூறுவார் உளர். உண்மைதான். 2019 ஆகசுட்டு 15 அன்று நடுவணரசு, ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்புக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. 2024க்குள் முடிக்கப்படும் என்றனர். பின்னர் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 2028 வரை நீட்டித்தனர். தமிழ்நாட்டில் காஞ்சிபுர மாவட்டத்து ஊரக வீடுகள் அனைத்திற்கும் குழாய் இணைப்புக் கொடுக்கப்பட்டுவிட்டதாக அரசுக் கணக்கு கூறுகின்றது. மிக்க மகிழ்ச்சி. ஆனால், குழாய் என்பது வேறு. நீர் என்பது வேறு. குடிநீர் என்பது அவ் இரண்டினும் வேறு. குழாயை எண்ணுவது எளிது. அதனுள் நீர் நாள்தோறும் வருகின்றதா என்று நோக்குவது அதனினும் கடிது. வருகின்ற நீர் குழந்தை குடிப்பதற்குத் தக்கதா என்று ஆய்ந்து கூறுவது எல்லாவற்றினும் கடிது. எளியதைச் செய்துவிட்டுக் கடியதையும் செய்துவிட்டதாகக் கணக்கெழுதுவதுதான் இந் நாட்டு அலுவலகங்களின் பழக்கம்.

அத் திட்டத்தின் வரையறையையே எடுத்துக்கொள்க. போதிய அளவு, வரையறுத்த தரம், இடையறாத ஒழுங்கு ஆகிய மூன்றும் அமைந்த இணைப்பே செயற்படும் இணைப்பு என்று அரசே எழுதி வைத்துள்ளது. எனவே, மக்கள் புதிதாக எதையும் கேட்க வேண்டுவதில்லை. அரசு எழுதியதைச் செய்து காட்டுக என்று கேட்டால் போதும்.

அத் திட்டத்தின் பெயரையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 'சல் சீவன்' என்பது அதன் பெயர். 'அர் கர் சல்' என்பது அதன் முழக்கம். பிள்ளைப்பாக்கத்தில் குடந் தூக்கும் ஒரு தாய்க்கு இச் சொற்களால் என்ன விளங்கும்? நீர் என்றும் தண்ணீர் என்றும் குடிநீர் என்றும் தொன்றுதொட்டு வழங்கிவரும் ஒரு மக்களிடம், அவர்தம் வரிப்பணத்தில் அவர்தம் மண்ணில் தோண்டிப் பதிக்கும் குழாய்க்கு, அவர்க்குப் புரியாத மொழியில் பெயரிடுவது வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. ஒரு பொருளின் பெயர் தெரியாதவர் அப் பொருளைக் கேட்டுப் பெறவியலாது. தம் உரிமை எந்தத் திட்டத்தில், எந்தப் பிரிவில், எந்தச் சொல்லால் எழுதப்பட்டுள்ளது என்று அறியாத மக்கள், அலுவலர் சொன்னதே முடிவு என்று திரும்பிப் போவர். மொழியுரிமையும் நீருரிமையும் வெவ்வேறு என்று எண்ணுவார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீரைப் பற்றிய தமிழரின் அறிவு அவர்தம் சொற்களிலேயே அடங்கிக் கிடக்கின்றது. ஏரி, தாங்கல், ஏந்தல், கண்மாய், குளம், குட்டை, கேணி, ஊருணி என நீர்நிலைகளுக்குத் தனித்தனிப் பெயர். மடை, மதகு, கலிங்கு, வாய்க்கால் என உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர். இவற்றுள் ஊருணி என்னும் சொல் ஒன்றே போதும், நம் முன்னோரின் நலவறிவைக் காட்ட. ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி. பாசனத்துக்கு ஏரி, குளிக்கவும் துவைக்கவும் குளம், குடிப்பதற்கு ஊருணி எனப் பயனுக்கேற்ப நீர்நிலையைப் பகுத்தனர். பாண்டி நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் ஊருணிக்குள் காலை நனைப்பதும் பிழையென்று கருதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நுண்ணுயிர் என்னும் சொல் பிறக்குமுன்பே, குடிநீரில் அழுக்குச் சேரலாகாது என்னும் அறிவு நடைமுறையாகப் பிறந்துவிட்டது. ஊருணியைத் தூர்த்துவிட்டு அதன்மேல் கட்டடம் எழுப்பியபொழுது, சொல்லும் செத்தது; அச் சொல்லுக்குள் இருந்த அறிவும் உடன் செத்தது.

இதே காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்னும் பெயரால் அறுவர் கொண்ட ஒரு குழு குறிக்கப்பெறுகின்றது. குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தனர், ஓராண்டுதான் பதவி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்தலுக்கு நிற்கவியலாது. அவ் அவை பார்ப்பனர் அவை. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அதில் இடம். உழைப்பவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. ஆகலின் அதனைப் பொற்காலம் என்று பாடிக்கொண்டிருத்தல் அறியாமை. ஆயினும், நீரைக் காப்பவன் ஆண்டுதோறும் ஊருக்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்னும் அந்த நெறி மட்டும் இன்றைக்கும் பொன்னே. அந் நெறியைப் பார்ப்பனரிடமிருந்து பறித்து எல்லார்க்கும் பொதுவாக்குவதே இன்றைய குடியாட்சியின் கடமை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த கணக்கு முறை, அதே மாவட்டத்தில் இன்று குடிநீர்த் தொட்டிக்கு உண்டா என்று கேட்பது பிழையாகுமா?

குடிமராமத்து என்னும் முறையும் அத்தகையதே. 'மராமத்து' என்பது அரபுச் சொல். சொல் அயற்சொல்லாயினும் செயல் தமிழருடையது. ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைச் செப்பனிடும் அம் முறையைப் பிரித்தானிய ஆட்சியார் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக மாற்றினர். ஏரியின் வருவாய் அரசுக்கு, ஏரியின் உழைப்பு ஊருக்கு என்றானபின் ஊருக்கும் ஏரிக்குமிருந்த உறவு தளர்ந்தது. 2017இல் தமிழ்நாட்டரசு அப் பெயரை மீண்டும் எடுத்து ஏரிகளைத் தூர்வாரத் தொடங்கியது. பெயர் மீண்டது, ஊரின் உரிமை மீண்டதா என்பதுதான் வினா.

அறிவியல் கூறுவதையும் நோக்குவோம். 1854இல் இலண்டன் மாநகரில் கழிச்சல் நோய் பரவியபொழுது, சான் சிநோ என்னும் மருத்துவர், இறந்தவர்தம் வீடுகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து, அவர்கள் பெரும்பாலும் ஒரே தெருவின் அடிகுழாய் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். அக் குழாயின் கைப்பிடி கழற்றப்பெற்றது. தூய்மையற்ற நீரே நோயைக் கொணர்கின்றது என்பதற்கு அஃது ஒரு நிலையான சான்றாயிற்று. நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும், வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பது ஏழை நாடுகளில் நின்றபாடில்லை.

மேல்நீர் கெட்டால் ஆழ்நீர் நன்று என்று எண்ணுவதும் தவறு. வங்காளதேசத்தில், குளத்து நீரால் பரவும் நோயைத் தடுப்பதற்காக 1970களில் பல்லாயிரம் குழாய்க் கிணறுகள் தோண்டினர். 1990களில், அந் நீரில் ஆர்சனிக்கு நஞ்சு கலந்திருப்பது தெரியவந்தது. நல்லெண்ணத்தோடு செய்த செயலே கோடிக்கணக்கானோரை நஞ்சுண்ண வைத்தது. கரணியம், நீரை ஆய்ந்து பாராமை. அவ்வளவு தொலைவு போவானேன்? தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள புளூரைடு, பற்களைக் கறையாக்கி எலும்பை வளைத்ததைத் தமிழகம் அறியும். இலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது அதன் மேல்வரம்பு. அவ் இடரை நீக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கப்பெற்று, 2013இல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை தலைமுறை வளைந்த பின்னர்!

தொழிற்பகுதியில் வாழ்வார்க்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு இன்றியமையாதது. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக உச்ச நயன்மன்றம் 1996 ஆகசுட்டு 28ஆம் நாள் தீர்ப்பில் குறித்தது. நிலத்தையும் நீரையும் கெடுத்தவனே அதனைத் திருத்தும் செலவை ஏற்றல் வேண்டும் என்பது அத் தீர்ப்பின் கருத்து. தீர்ப்பு வந்தது, கெட்ட கிணறுகள் தீர்ப்பைப் படித்துத் திருந்திவிடவில்லை. அச் சிக்கல் முப்பதாண்டுகளுக்குப் பின்னும் நயன்மன்றப் படிகளில்தான் நிற்கின்றது. பிள்ளைப்பாக்கம் பகுதித் தொழிலகங்கள் தோலாலைகள் அல்ல. அவற்றின்மேல் ஆய்வின்றிப் பழி சுமத்துதலும் அறமன்று. அதனாலேயே ஆய்வு வேண்டும் என்கின்றோம். கெட்டபின் அழுவதற்கு அன்று. கெடுமுன் காப்பதற்கே ஆய்வு.

தொழிலகம் வரும், போகும். திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கப்பெற்ற நோக்கியா கைப்பேசித் தொழிலகம் 2014இல் மூடப்பெற்றது. எட்டே ஆண்டுகள். உரிமையாளர் வேறு நாடு சென்றார். வேலையிழந்தோர் வேறு வேலை தேடிச் சென்றனர். ஆனால், ஊர் எங்கே செல்லும்? அதன் கிணறும் ஏரியும் எங்கே செல்லும்? வந்து போவாரின் வசதிக்காக இருந்து வாழ்வாரின் நீரைப் பணயம் வைத்தல் எந்த ஆட்சி நூலிலும் இல்லை.

நிலத்தடி நீரைக் காப்பதற்கென்று தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டம் இயற்றினர். பத்தாண்டுகள் அது நடைமுறைக்கு வாராமலே கிடந்தது. 2013இல் அதனை நீக்கியும் விட்டனர். ஆழ்துளை இட்டு உறிஞ்சுவோன் எவ்வளவு உறிஞ்சுகின்றான் என்று கேட்கும் உறுதியான கை இல்லாதபொழுது, ஆழமாகத் துளைக்கப் பொருளுடையவனுக்கே நீர் என்றாகிவிடுகின்றது. இருநூறு அடியில் ஏழையின் கிணறு வற்றும். எண்ணூறு அடியில் செல்வனின் எக்கி ஓடும். இது நீர்ப்பங்கீடு அன்று, நீர்க்கொள்ளை.

இதன் விளைவு என்ன? 'கேன்' என்று மக்கள் வழங்கும் 20 இலிட்டர்க் குடுவை, ஏரிகள் நிறைந்த இத் தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களிலும் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. ஒரு குடுவை முப்பது உருபா என்றும், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இரு நாளைக்கு ஒரு குடுவை என்றும் கொள்வோம். திங்களுக்கு 450 உருபா. ஆண்டுக்கு 5,400 உருபா. நாட்கூலி பெறும் ஒரு குடும்பம் பத்துப் பதினைந்து நாள் உழைப்பை, மழையாய் இலவசமாய் இறங்கிய நீருக்கு விலையாகக் கொடுக்கின்றது. மாநகரச் செல்வன் குழாயில் பெறும் நீருக்கு இலிட்டருக்குக் கொடுப்பதை விட, சிற்றூர் ஏழை குடுவையில் பெறும் நீருக்குப் பன்மடங்கு மிகுதியாகக் கொடுக்கின்றான். வீட்டிலேயே தூய்மிப்புப் பொறி வைத்துக்கொள்ளலாமே என்பார் உளர். அப் பொறி, கொடுக்கும் நீரினும் கழித்துவிடும் நீரே மிகுதி; விலையும் பழுதுச் செலவும் ஏழைக்கு எட்டா. பொதுக்கடமையைத் தனியார் தலையில் சுமத்தும் எந்த வழியும் ஏழைக்கு வழியன்று.

இயற்கையின் மேல் பழிபோடுவாரும் உளர். 2015 திசம்பர்த் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. நான்காண்டு முடியுமுன், 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்தது. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 இலக்கம் இலிட்டர் நீரோடு தொடர்வண்டி சென்னைக்கு வந்தது. மூழ்கியதும் அந் நீரால். வாடியதும் அந் நீரின்றி. மழை குறைந்தது மட்டுமன்று, மழையைத் தாங்கும் தாங்கல்களும் குறைந்தன. சென்னைக்குத் தொடர்வண்டி வந்தது. அக் கோடையில் வாடிய சிற்றூர்களுக்கு எந்தத் தொடர்வண்டியும் வரவில்லை.

இனி, இச் சிக்கலின் மிகக் கொடிய முகம் ஒன்று உண்டு. 2022 திசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டத்து இறையூரை அடுத்த வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மாந்தக் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே தொட்டிமேல் ஏறிப் பார்த்தனர். ஈராண்டுகளுக்குப் பின், 2025 சனவரியில், அப் பகுதியைச் சேர்ந்த மூவர் மேலேயே குற்ற அறிக்கை அளிக்கப்பெற்றது. அம் மக்கள் அதனை ஏற்கவில்லை. குற்றவாளி யாரென்பதை நயன்மன்றம் முடிவு செய்யட்டும். ஆனால், ஒரே ஊரில் சாதிக்கொரு தொட்டி ஏன் நின்றது என்பதற்கு எந்த நயன்மன்றமும் தேவையில்லை. விடை எல்லார்க்கும் தெரியும். 1927 மார்ச்சு 20 அன்று அண்ணல் அம்பேத்கார், மராத்திய நாட்டு மகாடு நகரில், சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்துப் பொதுநீர் எல்லார்க்கும் பொது என்று நிலைநாட்டினார். நூற்றாண்டு நெருங்கியும் தமிழன் ஊர்த்தொட்டி, சேரித்தொட்டி என்று பிரித்து நிற்பானாயின், அவன் தமிழன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை? ஓரினம் என்று முழங்கும் வாய், ஒரு தொட்டி நீரைப் பகிர்ந்து குடித்தல் வேண்டும். அவ்வாறு குடியாத வாய் முழங்கும் இனப்பற்று வெற்றொலி.

பிள்ளைப்பாக்கம் பகுதித் தொழிலகங்களில் வேலை செய்வதற்காக வடபுலத்திலிருந்து வந்து நெருக்கமான அறைகளில் தங்கியுள்ள உழைப்பாளரையும் இவ்விடத்து மறத்தலாகாது. வழிநடப்பார்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த இனம் இது. நீர் கேட்பவனின் மொழியைக் கேட்டுவிட்டு நீர் வார்த்தல் தமிழ் மரபன்று. கெட்ட நீரால் பரவும் நோயும் மொழி பார்த்துப் பரவுவதில்லை.

ஆயின், செய்ய வேண்டுவன யாவை? வானத்தை வில்லாக வளைக்க வேண்டுவதில்லை. முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியிலும் குடிநீரை ஆண்டுக்கு ஒருமுறை வேதிப்பொருள்களுக்காகவும், இருமுறை நோய் நுண்ணுயிர்க்காகவும் ஆய்தல் வேண்டும்; நூறு மில்லிலிட்டர் நீரில் மலக்கழிவு நுண்ணுயிர் ஒன்றுகூட இருத்தலாகாது என்பது நாட்டின் தர வரையறை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகங்கள் உள்ளன. ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீராய்வுப் பயிற்சி கொடுக்கவும் திட்டத்தில் இடமுள்ளது. அவர்கள் யார் என்று ஊர் அறிதல் வேண்டும். இரண்டாவதாக, ஆய்வின் முடிவை எளிய தமிழில், பெரிய எழுத்தில், ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுதல் வேண்டும். மூன்றாவதாக, மேல்நிலைத் தொட்டியைத் திங்களுக்கு இருமுறை கழுவி, கழுவிய நாளைத் தொட்டியின் மேலேயே எழுதுதல் வேண்டும். வெளுப்புத்தூள் கலந்ததன் பின் கடைசி வீட்டுக் குழாயில் இலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியுள்ளதா என்று நோக்குதல் வேண்டும். முதல் வீட்டில் நோக்கிக் கணக்கெழுதுதல் கூடாது. தொட்டியை இயக்குகின்ற எளிய பணியாளர்க்கு உரிய கூலி கொடுத்தலும் இதனுள் அடங்கும். நான்காவதாக, நீர்வரத்துக் கால்களைச் சாலையும் மதிற்சுவரும் அடைக்காதவாறு தொழிற்பூங்கா எல்லைக்குள்ளும் காத்தல் வேண்டும். ஐந்தாவதாக, தொழிலகங்களின் கழிவுநீர் ஆய்வு முடிவுகளும் அப் பகுதிக் கிணறுகளின் ஆய்வு முடிவுகளும் ஒரே பலகையில், ஒன்றன்பக்கம் ஒன்றாக வைக்கப்பெறுதல் வேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் இதற்கு அஞ்சார்.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு இடமும் நாளும் உள்ளன. ஊரவை எனப்படும் கிராமசபை, சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அக்குதோபர் 2 ஆகிய நாள்களோடு, தமிழ்நாட்டில் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகின்றது. மார்ச்சு 22 உலக நீர் நாள். அன்று ஊரவைக்கு ஒவ்வொரு வீட்டாரும் தம் குழாய் நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் கொண்டு செல்க. அலுவலர் மேசைமேல் வரிசையாக வைக்க. ஆய்ந்த தாளைக் காட்டுக என்று கேட்க. ஆய்வில்லையெனின், இல்லையென்று எழுதி முடிவெடுத்துக் கையெழுத்திடச் செய்க. கூச்சலும் வேண்டா, மறியலும் வேண்டா. எழுத்தில் பதிந்த வினாவுக்கு அஞ்சாத அலுவலகம் இல்லை. அவ் வரிசையில் ஊர்க்குப்பியும் சேரிக்குப்பியும் கலந்து நிற்றல் வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருக்க.

2010 சூலை 28 அன்று ஐ.நா. பேரவை, தூய குடிநீரை மாந்த உரிமையென்று அறிவித்தது. உலகம் அறிவித்துவிட்டது, ஊர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. வள்ளுவப் பேராசான் இறைவாழ்த்தை அடுத்து, அறத்தையும் அரசையும் கூறுமுன், வான்சிறப்பை வைத்தார். நீருக்குப் பின்னரே மற்றெல்லாம் என்பது அவ் வைப்புமுறையின் பொருள். அந் நூலைப் போற்றும் மக்கள் அவ் வரிசையையும் போற்றுதல் வேண்டும். தொழில் வளர்க, வாணிகம் வளர்க, ஏற்றுமதி வளர்க. ஆனால், பிள்ளைப்பாக்கத்துக் கடைசி வீட்டுக் குழந்தை கையிலேந்தும் குவளை நீர் தூயதாகும் வரை, அவ் வளர்ச்சிக் கணக்குகளில் எதுவும் முடிந்த கணக்கு ஆகாது.